ஒரே பயணம், இரண்டு கணக்கு

வணக்கம் நேயர்களே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டம் முடிந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஆறு மாதமாக ஓட்டும் ஒரு தங்கை வந்து இடது கையை நீட்டினாள். கடிகாரத்தில் 905 கலோரி. பிறகு ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சைக்கிள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். அதில் 650. "அக்கா, ரெண்டும் ஒரே ரைடுதானே? இதுல எதை நம்பறது?" என்றாள்.

நின்ற இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமில்லை அது. அன்று மாலை உட்கார்ந்து அவளோடு பேசினேன். அதைத்தான் இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். கையில் ஒரு கருவியும் சைக்கிளில் ஒரு கருவியும் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் என்றைக்காவது வரும்.

அந்த இரண்டு கருவிகளில் எதுவுமே கலோரியை அளப்பதில்லை. கடிகாரம் நாடியைப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் பெடலையோ சக்கரத்தையோ பார்க்கிறது. நாம் எப்போதோ பதிந்து கொடுத்த வயதையும் எடையையும் அதோடு சேர்த்து, உடம்புக்குள் இவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கின்றன. ஒரு வீட்டில் எவ்வளவு விறகு எரிந்தது என்று கேட்டால், ஒருவர் கூரைமேல் எழும் புகையைப் பார்த்துச் சொல்கிறார். இன்னொருவர் கொதித்த உலையைப் பார்த்துச் சொல்கிறார். அடுப்புக்குள் இருவருமே எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் கடிகாரம். இருட்டில் அதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. சைக்கிளில் மணிக்கட்டை மடக்கி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, உடலின் எடையில் ஒரு பங்கைக் கையில் ஊன்றியிருக்கிறோம். குண்டும் குழியுமான சாலையில் கடிகாரம் குதிக்கிறது. தோலுக்கும் அதற்கும் இடையே விழும் இடைவெளியில் வெளி வெளிச்சமும் புகுந்துவிடுகிறது. அந்த அதிர்வையே நாடி என்று அது எண்ணிவிடுவதும் உண்டு.

சரி, துடிப்பைத் துல்லியமாகவே எண்ணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு கூடினால் ஆக்சிஜன் செலவும் கூடும், ஆக்சிஜன் கூடினால் கலோரி கூடும் என்பதுதான் அடுத்த படி. நிதானமாகத் தொடர்ந்து மிதிக்கும்போது அது பெரும்பாலும் சரி. ஆனால் இதயம் வேலைக்காக மட்டும் வேகமாகத் துடிப்பதில்லை. வெயில் ஏறி உடம்பில் நீர் வற்றினால், அதே வேகத்தில் அதே சாலையில் போனாலும் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். கால்கள் செய்யும் வேலை கூடவில்லை, வெப்பத்தை வெளியேற்ற இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. பயம், பதற்றம், காபி, தூக்கக் குறைவு எல்லாமே துடிப்பை ஏற்றலாம். ஒரு லாரி உரசிக்கொண்டு போனால் நெஞ்சு படபடக்கும். அதையும் மிதித்த கணக்கில் எழுதிவிடுகிறது கடிகாரம்.

இன்னொன்று, உச்சத் துடிப்பு. நாம் எதுவும் மாற்றாவிட்டால், 220-இல் இருந்து வயதைக் கழித்து அதுதான் உன் உச்சம் என்று பல கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. எனக்கு வயது 48. கணக்குப்படி 172. பரிசோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தபோது 184 வரை போனது. 150 துடிப்பில் நான் ஓட்டும்போது, உச்சத்தில் 87 சதவீதத்தில் திணறுகிறேன் என்று கடிகாரம் நினைக்கிறது, உண்மையில் 82 சதவீதத்தில்தான் இருக்கிறேன். ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு வரை முன்பின்னாக இருப்பது சர்வசாதாரணம்.

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். மிதிக்கும் வேலையை அளக்கும் பவர் மீட்டரும் இல்லை, நெஞ்சில் கட்டித் துடிப்பை எண்ணும் நெஞ்சுப் பட்டையும் இல்லை என்றால், அது வேகம், தூரம், ஏறிய உயரம், நம் எடை இவற்றை வைத்து ஊகிக்கிறது. எதிர்க்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனதும், பின்காற்றில் சொகுசாக 28-இல் போனதும் அதற்குத் தெரியாது. முன்னால் ஒருவர் காற்றை வெட்டிக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போனாலும் தெரியாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் சொல்லும் கலோரியை நான் பொருட்படுத்துவதில்லை. அதைவிடக் கடிகாரமே மேல்.

பவர் மீட்டர் இருந்தால் நிலைமை தலைகீழ். நாம் மிதிக்கும்போது பெடலின் அச்சோ, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கோ கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை உணரும் சின்னஞ்சிறு கம்பிகளை அதில் ஒட்டியிருப்பார்கள். எவ்வளவு விசை, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, இரண்டையும் பெருக்கினால் வாட். உல்ரிக் ஷோபெரர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1986-இல் இதை சைக்கிளில் பொருத்தக்கூடிய கருவியாகக் கொண்டுவந்தார். இன்றைய நல்ல பவர் மீட்டர்கள் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் சரியாகச் சொல்கின்றன. காற்றும் மேடும் பயமும் இங்கே குறுக்கே வருவதில்லை. பெடலில் விழுந்த வேலை எவ்வளவோ அவ்வளவுதான்.

அந்தத் தங்கையின் சைக்கிளில் பவர் மீட்டர் இருந்தது. அன்றைக்கு அவள் 90 நிமிடம் மிதித்திருக்கிறாள், சராசரி 120 வாட். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 90 நிமிடம் என்றால் 5,400 நொடி, 120-ஆல் பெருக்கினால் 648 கிலோஜூல். இது பெடலுக்குப் போய்ச் சேர்ந்த வேலை. உடம்பு இதைப்போல நாலைந்து மடங்கு செலவழித்தால்தான் இவ்வளவு வேலை வெளியே வரும். மிதிக்கும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. வியர்த்துக் கொட்டுவதும் அதனால்தான். உணவில் நாம் சொல்லும் ஒரு கலோரி 4.184 கிலோஜூல். நான்கால் பெருக்கி நான்கு சொச்சத்தால் வகுப்பதால், பெருக்கலும் வகுத்தலும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால் கிலோஜூல் எண்ணையே கலோரி என்று எடுத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. அவள் திரையில் தெரிந்த 650 அப்படி வந்ததுதான்.

ஆனால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் உடம்பின் திறன் 25 சதவீதம் என்றால் செலவு சுமார் 620. 20 சதவீதம் என்றால் சுமார் 775. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். 650 என்பது இந்த இடைவெளிக்குள் ஓர் இடம். கடிகாரத்தின் 905 இந்த இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னேன்.

இந்த 20, 25 சதவீதம் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1890-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், எட்வர்ட் ரோசா என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து ஓர் அறை கட்டினார். ஒரு ஆள் அதற்குள் நாள்கணக்கில் தங்கி, சாப்பிட்டு, தூங்கி, வேலை செய்வார். அவர் உடம்பிலிருந்து வரும் வெப்பம் முழுவதையும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் வெளியிலிருந்து அளந்தார்கள். உள்ளே மிதிக்க ஒரு சைக்கிள் கருவியும் வைத்தார்கள். அட்வாட்டரோடு வேலை செய்த பெனடிக்ட் என்ற ஆய்வாளர், பின்னர் கேத்கார்ட் என்ற இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு தொழில்முறை சைக்கிள் வீரரை வைத்து, மனித உடல் ஓர் இயந்திரமாக எவ்வளவு திறனுள்ளது என்று ஆராய்ந்து 1913-இல் வெளியிட்டார். கலோரி என்ற ஓர் எண்ணுக்காக மனிதர்கள் அடைபட்டுக் கிடந்து உழைத்திருக்கிறார்கள். இன்று மணிக்கட்டில் அது சட்டென்று வந்து விழும்போது அந்த அறைதான் என் நினைவுக்கு வரும்.

இப்போது அறை வேண்டாம், முகமூடி போட்டு மூச்சை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டிவிட்டு, இந்த முறையோடு ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் எல்லாமே தவறின. இருப்பதிலேயே சிறந்ததன் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனாலும் துடிப்பைச் சரியாக எண்ணுகிறது என்பதால் கலோரியும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

மீண்டும் அந்தத் தங்கையின் கதைக்கு. இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்து, அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தோம். கடிகாரத்தில் அவள் எடை 68 கிலோ. கம்ப்யூட்டரில் 60. கடிகாரம் வாங்கியபோது பதிந்ததை அவள் அப்புறம் மாற்றவே இல்லை. அன்று வழியில் டயர் பஞ்சராகி 20 நிமிடம் நின்றிருந்தாள். சக்கரம் நின்றதும் கம்ப்யூட்டர் தானாகக் கணக்கை நிறுத்திக்கொண்டது. கடிகாரமோ, அவள் மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்ததையும் எண்ணிக்கொண்டிருந்தது. போனில் பார்த்தால் மூன்றாவதாக ஓர் எண், 795. சும்மா படுத்திருந்தாலும் ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். அந்த இருப்புச் செலவையும் சேர்த்தது 905, கழித்தது 795. ஒன்று மொத்தக் கலோரி, மற்றது இயக்கக் கலோரி. சொல் வேறு என்று தெரியாமல் ஒப்பிட்டால் தலை சுற்றும். கம்ப்யூட்டரின் 650, மிதித்த நேரத்தின் இருப்புச் செலவையும் உள்ளடக்கியது.

என்னை உண்மையிலேயே வருத்தியது அடுத்துக் கண்டது. அவள் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் செயலியில் இரண்டு கருவிகளும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. தொடங்கிய நேரத்தில் ஒரு நிமிடம் வித்தியாசம். அதனால் அது இரண்டு பயணம் என்று எடுத்துக்கொண்டு 1,555 கலோரி என்று கூட்டிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து அவளுக்கே பயம். எதையும் நம்ப முடியாது என்று முடிவுகட்டி, இரண்டில் சிறியதை எடுத்து, அதிலும் பாதியைத்தான் சாப்பாட்டில் ஈடுகட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று வாரமாக. ஒரு நாள் நீண்ட ஏற்றத்தின் பாதியில் இறங்கி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் கை நடுங்கியது.

நேயர்களே, கலோரிக் குழப்பம் என்றாலே அதிகமாகச் சாப்பிட்டு எடை கூடுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குறைத்துச் சாப்பிடுவது அதைவிட ஆபத்தானது. செலவுக்குத் தக்க உணவு இல்லாமல் தொடர்ந்து பயிற்சி செய்தால் மாதவிடாய் தவறும், எலும்பு வலுவிழக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை ஒரு தனி நிலையாகவே வகுத்து, ஆண்களுக்கும் வரும் என்று எச்சரித்தது. கருவி சொல்வதில் சந்தேகம் வந்தால் தயவுசெய்து தட்டில் கைவைக்காதீர்கள்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். இரண்டிலும் எடையைச் சரிசெய்தோம். கடிகாரம் அளக்கும் துடிப்பைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி அதிலேயே இருந்தது. இப்போது துடிப்பும் வாட்டும் ஒரே திரையில் வருகின்றன, பயணத்தைக் கம்ப்யூட்டர் மட்டும் பதிகிறது. கடிகாரம் பின்னணியில் தானாக எண்ணிக்கொண்டுதான் இருக்கும், அதனால் போனில் சைக்கிள் பயணத்துக்குக் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை என்று வரிசையை மாற்றினோம். சாப்பாட்டுச் செயலிக்குள் கடிகாரம் வரும் வழியை அடைத்தோம். அதே செயலியில் "மிகவும் சுறுசுறுப்பானவர்" என்று குறித்திருந்தாள். அந்தக் குறிப்புக்கே அது ஏற்கெனவே கூடுதல் கலோரி சேர்த்துக்கொண்டிருந்தது, அதையும் இறக்கினோம். பவர் மீட்டர் இல்லாதவர்கள் கடிகாரத்தையே வைத்துக்கொள்ளலாம், ஒரு நெஞ்சுப் பட்டை சேர்த்தால் துடிப்பாவது சரியாக இருக்கும். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள், மாதக்கணக்கில் அதையே பாருங்கள்.

இப்போது அவள் நீண்ட ஓட்டத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுகிறாள். எடையை ஒரு நாளை வைத்துப் பார்க்காமல் வாரச் சராசரியாகப் பார்க்கிறாள். சைக்கிள் எடுக்காமல் நடக்கப் போகும் நாளில் கடிகாரம் சொல்வதை எழுதிக்கொள்கிறாள். அன்றைக்கு அதற்குப் போட்டி இல்லை.

நன்றி, வணக்கம்.