பக்கத்து வீட்டு மரமும் நம் வீட்டு ஜன்னலும்

(கலிஃபோர்னியா விரிகுடாப் பகுதியில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் குன்றுச் சரிவில் வீடு வாங்கியவர்கள். மற்றவர்கள் வாங்க ஆசைப்படுபவர்கள். வீட்டு விளம்பரத்தில் ‘பே வியூ’, அதாவது குடாக் காட்சி, என்று இரண்டு சொல் சேர்ந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விலையைக் கொடுக்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், பால் காய்ச்சிக் குடிபோகிறோம். சில வருஷம் கழித்து, கீழ் வீட்டுக்காரரின் பைன் மரம் குடாவின் மேலே தெரிந்த பாலத்தை மறைக்க ஆரம்பிக்கிறது. அப்போதுதான் பத்திரத்தைத் தேடி எடுத்துப் படிக்கிறோம். பாலத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

இருக்கவும் இருக்காது. ஆங்கிலேயச் சட்ட மரபில் இது 1610-லேயே முடிந்துபோன விஷயம். ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக்கொட்டகை போட்டுவிட்டார் என்று வழக்குத் தொடுத்தார். நாற்றத்துக்கு அவருக்கு நியாயம் கிடைத்தது. அதே வழக்கில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: வெளிச்சமும் நல்ல காற்றும் வாழ்வதற்கு வேண்டியவை, அவற்றை அடைத்தால் வழக்குப் போடலாம், காட்சி என்பது கண்ணுக்கு இன்பம் மட்டுமே, அதற்காகச் சட்டம் வராது. நம் ஊருக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் அனுபவித்த கட்டடத்துக்கு அது உரிமையாகிவிடும். காட்சிக்கு அந்தச் சலுகை இல்லை. கலிஃபோர்னியா இன்னும் கறார். வெளிச்சம், காற்று, காட்சி மூன்றுக்குமே, எத்தனை வருஷம் அனுபவித்தாலும் தானாக உரிமை பிறக்காது.

மாநிலச் சட்டம் கைவிட்ட இந்த இடத்தில்தான் சின்னச் சின்ன நகராட்சிகள் நுழைந்தன. மரத்துக்கும் காட்சிக்கும் நடுவில் அவை எப்படிக் கோடு போட்டன என்பதுதான் இன்றைய பேச்சு. எதை மறைத்தால் குற்றம் என்பதைவிட, எந்தத் தேதியின் காட்சி, யார் செலவு, இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு சட்டம் சொல்லும் பதிலில்தான் அதன் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

அதற்கு முன் ஒரு விஷயம். ‘இயற்கையை வெட்டலாமா?’ என்று ஒருவர் எழுந்து கேட்பார். எல்லா ஊர்க்கூட்டமும் அந்த இடத்தில்தான் சூடாகும். குடாவின் கிழக்கே இருக்கும் ஓக்லாந்து, பெர்க்லி குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் அவை பெரும்பாலும் புல்வெளி. ஓடைப் பள்ளங்களில் ஓக் மரமும் பே மரமும், சில இடங்களில் ரெட்வுட். 1910-ஐ ஒட்டி ஃபிராங்க் ஹேவன்ஸ் என்ற நில வியாபாரி, மரம் வளர்த்துப் பலகையாக விற்றுப் பணம் பண்ணலாம் என்று கணக்குப் போட்டு லட்சக்கணக்கில் தைல மரக் கன்று நட்டார். ஊட்டிக்கு 1843-இல் வந்ததே, அதே ஆஸ்திரேலிய மரம்தான். மரம் என்னவோ பிரமாதமாக வளர்ந்தது. பலகைதான் முறுக்கிக்கொண்டு வெடித்தது. வியாபாரம் படுத்தது, மரங்கள் நின்றுவிட்டன. அப்புறம் வீடு கட்ட வந்தவர்கள் மறைப்புக்கும் நிழலுக்கும் மான்டெரே பைன் நட்டார்கள். ஆகவே மேல் வீட்டுக்காரர் ரசிக்கும் காட்சியும் மனிதர் ஏற்பாடு, கீழ் வீட்டுக்காரர் காக்கும் மரமும் மனிதர் ஏற்பாடு. இயற்கை இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. விதிவிலக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்த ஓக். பெர்க்லி நகராட்சி 1998-இலிருந்து கடலோர ஓக் மரத்தை வெட்டத் தடை போட்டிருப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

1991 அக்டோபர் 20-ஆம் தேதி அந்தக் குன்றுகளில் தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 3,000 வீடுகள் போயின. சாம்பலான சரிவில் நின்றால் குடா முழுவதும் திறந்து கிடந்தது. மீண்டும் கட்டியவர்களுக்கு அந்தக் காட்சி கிடைத்தது. பின்னால் மரங்கள் திரும்ப வளர்ந்தன. இப்போது சொல்லுங்கள், தீ திறந்துவிட்ட காட்சியை ‘என் காட்சி’ என்று ஒருவர் கோரலாமா? தேதிக் கேள்வி ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில் விளங்கும்.

கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் டிபுரான் என்ற சிற்றூர் 1991-இல் ஒரு பதில் சொன்னது. நீங்கள் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து, அல்லது குடியேறிய நாளிலிருந்து, எந்தக் கட்டத்தில் இருந்த காட்சியையும் வெயிலையும் நீங்கள் கோரலாம். வாங்கும்போதே மறைந்திருந்தால் பேச்சில்லை. 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. காட்சியைக் காக்க ஒரு நகராட்சி விதி போடலாம் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் சுட்டிக்காட்டும் தீர்ப்பு அது. ‘வாங்கிய நாள்’ என்பது நல்ல அளவுகோல். விலை கொடுத்தது அந்த நாளின் காட்சிக்குத்தானே? ‘எந்தக் கட்டத்திலும்’ என்ற பகுதிதான் எனக்கு நெருடுகிறது. தீயோ புயலோ திறந்துவிட்டதும் அதற்குள் வந்துவிடலாம் அல்லவா?

இன்னும் ருசியானது ராஞ்சோ பாலோஸ் வெர்டிஸ். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே, பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு நிலம். 1989 நவம்பரில் மக்களே வாக்களித்துச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதைப் படிக்கும்போது எத்தனை சண்டையைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பார்கள் என்று தோன்றும். காட்சி எங்கிருந்து தெரிய வேண்டும்? வீட்டில் எந்த இடத்திலிருந்து மிகச் சிறப்பாகத் தெரிகிறதோ அங்கிருந்து. குளியலறை, நடை, கார் ஷெட், அலமாரி அறை, இவை எதுவும் கணக்கில் சேராது. குளியலறை ஜன்னலை வைத்துக்கொண்டு யாரோ வாதாடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்! எது காட்சி? கடல், தீவுகள், துறைமுகம், இரவில் நகர விளக்குகள், பக்கத்துப் பள்ளத்தாக்கு. வானம் சேராது. தீவுக்கு மேலே தெரியும் ஆகாயத்தை மரம் மறைத்தால் நகராட்சி வராது.

அப்புறம் நிபந்தனைகள். மரம் 16 அடியையோ அது நிற்கும் வீட்டின் கூரை முகட்டையோ, எது தாழ்வோ அதைத் தாண்டியிருக்க வேண்டும். 1,000 அடிக்குள் இருக்கும் மனையில் நிற்க வேண்டும். உங்கள் மனை பிரிக்கப்பட்டபோதே காட்சியை மறைத்துக்கொண்டு நின்ற மரமாக இருக்கக்கூடாது. வெட்டினால் மரக்காரரின் வீட்டு அந்தரங்கம் அநியாயமாகக் கெடக்கூடாது. இதற்கெல்லாம் முன்னால், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன் என்று காட்ட வேண்டும். 2001-இல் இந்தச் சட்டமும் நீதிமன்றத்தில் நின்றது.

செலவு? முதல் வெட்டு காட்சி கேட்டவர் செலவு. அதற்குப் பிறகு அந்த உயரத்திலேயே மரத்தை வைத்திருப்பது மரக்காரர் பாடு. முதல் பாதி சரி. காசு தன் கையிலிருந்து போகும் என்றால், ‘அந்த மரத்தையே எடுத்துவிடுங்கள்’ என்றவர் ‘அந்த மூன்று கிளை போதும்’ என்பார். இரண்டாம் பாதி எனக்கு ஒப்பவில்லை. மேல் வீட்டுக்காரர் கடலைப் பார்ப்பதற்காகக் கீழ் வீட்டுப் பாட்டி ஓய்வூதியத்தில் வருஷாவருஷம் கவாத்துக் கூலி கொடுக்க வேண்டுமா? காட்சி வேண்டுமென்பவர், காட்சி இருக்கும்வரை அந்தக் கூலியையும் சுமக்கட்டும்.

16 அடி என்ற எண்ணிலும் எனக்குச் சண்டை உண்டு. நம் ஆட்களில் சிலர் முருங்கை வளர்க்கிறார்கள். அதை இடுப்பளவுக்கு வெட்டினாலும் அடுத்த கோடையில் தழைத்துக்கொண்டு வரும். பைன் அப்படி வராது. 60 அடி பைனை 16 அடியில் மொட்டையடித்தால் மரம் செத்ததுக்குச் சமம். இலை மரங்களை மொட்டையடித்தால் வேறு கூத்து: வெட்டிய முனை அழுகும், அதைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் புதுக் கிளை கிளம்பும். அவை தண்டோடு ஒழுங்காக ஒட்டாது, பெருங்காற்றில் முறியும். சில வருஷத்தில் முன்னைவிட அடர்த்தியான திரை எழுந்து நிற்கும். காசும் போய், காட்சியும் போய், மரமும் போயிற்று.

விஷயம் தெரிந்த மர வல்லுநர் செய்வது வேறு. உச்சியைத் தொடமாட்டார். காட்சி எந்தக் கிளைகளின் வழியே வருகிறதோ அவற்றை மட்டும் எடுத்து மரத்துக்குள் ஒரு ஜன்னல் திறப்பார். அல்லது அடிக்கிளைகளை நீக்கி, மரத்தடியில் கடல் தெரியும்படி செய்வார். இந்த வேலையைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துகொண்டு காட்சிக்காரர் கைபேசியில் ‘இன்னும் இடது பக்கம், அதற்கு மேலே’ என்கிறார். மரத்தில் கயிற்றில் தொங்கும் ஆள் அந்தக் கிளையில் ஆரஞ்சு நாடா கட்டுகிறார். எல்லாம் கட்டி முடிந்ததும் மரக்காரர் மேலே வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காட்சிக்காரர் கீழே போய், நாடா கட்டிய கிளைகள் இல்லாவிட்டால் தன் வரவேற்பறையிலிருந்து யார் படுக்கையறை தெரியும் என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் ரம்பம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானே புண்ணை மூடிக்கொள்ளும். ஒரே பருவத்தில் இலையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக்கூடாது. பறவைகள் கூடு வைத்திருக்கும் மாதங்களில் தொடவே வேண்டாம். கூட்டைக் கலைத்தால் மத்திய அரசின் 1918 வலசைப் பறவைச் சட்டம் வரும், நகராட்சியோடு முடியாது.

பெர்க்லியின் வழி எனக்குப் பிடிக்கும். அங்கே நகராட்சி தீர்ப்புச் சொல்ல வராது. படிக்கட்டு மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறது. முதலில் பேச்சு, அது உடைந்தால் மத்தியஸ்தர் வைத்துச் சமரசம், அதற்கும் மசியாவிட்டால் இருவரும் ஒப்புக்கொள்ளும் நடுவரின் தீர்ப்பு, கடைசியில் நீதிமன்றம். வழக்கறிஞர் செலவு என்ன ஆகும் என்று தெரிந்தவர் யாரும் கடைசிப் படிவரை ஏற விரும்பமாட்டார். காசில்லாதவர் நியாயம் இருந்தும் பாதியில் நின்றுவிடுவார் என்பது அதன் குறை. அதையும் மறைக்க வேண்டாம்.

சூரியத் தகடு போட்டிருப்பவர்களுக்காக ஒன்று. 1978-இன் மாநிலச் சட்டம், காலை 10 முதல் பகல் 2 மணிக்குள் பக்கத்து வீட்டுத் தகட்டின் மேல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிழல் விழும்படி மரம் வளர விடுவதைப் பொதுத் தொல்லை என்றது. நம்மவர்கள் நிறைந்திருக்கும் சன்னிவேலில், தகடு வருவதற்கு முன்பே நட்ட ரெட்வுட் மரங்களுக்காக ஒரு தம்பதிமேல் குற்ற வழக்கே நடந்தது. 2008-இல் சட்டத்தை மாற்றினார்கள். தகட்டுக்கு முன் நட்ட மரத்துக்கு இப்போது விலக்கு உண்டு, அரசு வழக்கறிஞர் வரமாட்டார், இரு வீட்டார்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் தேதிதான்.

இதுவரை சொன்னது ஒருவர் மனையில் நிற்கும் மரம். பொது நிலத்தில் நிற்கும் மரத்தின் கதை அசிங்கமானது. 2016-இல் சியாட்டிலின் மேற்குப் பகுதியில், நகராட்சிக்குச் சொந்தமான சரிவில் 150-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டிருப்பது வெளியே வந்தது. மேலே இருந்தவர்களுக்குக் காட்சி வேண்டியிருந்தது. நகராட்சி வழக்குப் போட்டு, சமரசத்தில் ஏறக்குறைய 8 லட்சம் டாலர் வசூலித்தது. சிட்னியில் காஸில் கோவ் என்ற துறைமுகப் பகுதியில் 265 மரங்கள் போயின. ஆஸ்திரேலியாவில் பல நகராட்சிகள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கின்றன: மரத்துக்கு விஷம் வைத்த இடத்தில், மரம் நின்ற உயரத்துக்குப் பெரிய பதாகை கட்டிவிடுவார்கள், புதுக் கன்று வளரும்வரை. அபராதத்தைவிட அது வேலை செய்யும் என்று நினைக்கிறேன். காட்சியால் வீட்டு விலை ஏறும் தொகை அபராதத்தைவிடப் பெரிதாக இருந்தால், அபராதம் வெறும் கட்டணம்தான். பதாகை அந்தக் கணக்கையே கெடுத்துவிடுகிறது.

உங்கள் ஊரில் இப்படியொரு விதி வரைவு வந்தால், கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தேதியின் காட்சி? முதல் வெட்டுக்குப் பிறகான கவாத்து யார் செலவு? அடி எண்ணிக்கையை எழுதுவதற்குப் பதில், அந்தந்த மரத்துக்கு என்ன தாங்கும் என்று வல்லுநரைக் கேட்டு எழுதக்கூடாதா? வீடு வாங்கப் போகிறவர்கள், சாவி கையில் வந்த அன்றைக்கே வரவேற்பறையிலிருந்து தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கீழ் வீட்டில் இப்போதுதான் நட்ட இடுப்பளவு ரெட்வுட் இருந்தால் அதையும் சேர்த்து. பிறகு கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். மரத்தைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

சரி, கேள்விகளுக்கு வரலாம்.