சப்வூஃபருக்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் போட வேண்டும்?

அடுத்த கேள்விக்கு வருவோம், பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைப் பற்றியது. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "காரில் 12 இன்ச் சப்வூஃபர் வைத்திருக்கிறேன். அதில் 1200 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது, ஆம்ப்ளிஃபையரில் 1000 வாட்ஸ். ஆம்ப் குறைவாக இருந்தால்தான் சப்புக்குப் பாதுகாப்பு என்று ஒருவர் சொல்கிறார். குறைந்தால்தான் எரியும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?"

முதலில் அந்த 1200, 1000 இரண்டையும் மறந்துவிடுங்கள். அதெல்லாம் ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவு, அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போடுவதற்கு. நாம் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும், தொடர்ந்து தாங்கும் அளவு. அவர் அனுப்பிய விவரப்படி சப் 400 வாட்ஸ் ஆர்எம்எஸ், இரண்டு வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம் (மின்தடை அளவு). ஆம்ப் 4 ஓமில் 250 வாட்ஸ், 2 ஓமில் 400 வாட்ஸ்.

பாருங்கள், ஒரே ஆம்புக்கு இரண்டு எண். எத்தனை ஓம் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் ஆம்ப் எத்தனை வாட்ஸ் தரும் என்பது. இந்தச் சப்பின் இரண்டு காயிலையும் பேரலலில், அதாவது பக்கவாட்டில், இணைத்தால் 2 ஓம், 400 வாட்ஸ் கிடைக்கும். சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தால் 8 ஓம், சுமார் 125 வாட்ஸ்தான். அதே சப், அதே ஆம்ப், ஒயரிங் மட்டும்தான் வேறு. பேரலலில் மாட்டுங்கள், பொருத்தமான ஜோடி. ஆனால் இதுவே 2 ஓம் இரட்டைக் காயில் சப்பாக இருந்தால் பேரலலில் 1 ஓம் ஆகிவிடும். 2 ஓம் வரைக்கும்தான் என்று போட்டிருக்கும் ஆம்பில் அதை மாட்டவே கூடாது. சூடாகி புரொடெக்ஷனுக்குப் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும், இல்லையென்றால் ஆம்பே போய்விடும்.

சரி, சின்ன ஆம்ப் சப்பை எரிக்குமா? பாதி உண்மை. ஆம்பால் முடிந்ததற்கு மேல் நாம் கேட்கும்போது, அது வெளியிடும் சிக்னல் அலையின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் தட்டையாக வெட்டுப்படும். அதுதான் கிளிப்பிங். முழுக்கச் சதுர அலையாகிவிட்டால், அதே ஆம்பிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாட்ஸ் காயிலுக்குப் போகும். 100 வாட்ஸ் ஆம்பை எவ்வளவு வெட்டினாலும் 200தான், 400 வாட்ஸ் சப்பின் காயில் அதைத் தாங்கிவிடும். சத்தம்தான் கேட்கச் சகிக்காது. ஆனால் 300 வாட்ஸ் ஆம்பைப் பிழிந்தால் 600 வரும், காயில் கருகும். ஆகவே ஆம்ப் சின்னதாக இருப்பது குற்றமில்லை, போதவில்லையே என்று ஆம்பில் உள்ள கெயின் திருகை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. என்னைக் கேட்டால் 400 சப்புக்கு 500 ஆம்ப் வாங்கி, கெயினைக் குறைத்து வைப்பேன். 400க்கும் 500க்கும் வித்தியாசம் 1 டெசிபல்தான், காதுக்குத் தெரிவதே கடினம். சத்தத்துக்காக இல்லை, கிளிப் ஆகாமல் இருக்க அந்த இடைவெளி.

கெயின் வால்யூம் இல்லை, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பின் உள்ளீட்டைப் பொருத்துவதற்கான திருகு அது. அதைச் சரியாக வைக்க, முதலில் சப் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஈக்வலைசர் நேராக இருக்கட்டும், பேஸ் பூஸ்ட் வேண்டாம். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஆம்பின் வெளியீட்டில் பிடியுங்கள். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது கிடைக்கும். இவருக்கு 400 பெருக்கல் 2, அதாவது 800, அதன் வர்க்கமூலம் சுமார் 28. கெயினை மெல்ல ஏற்றி, மீட்டரில் 28 வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் பேஸ் பூஸ்டில் 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு வாட்ஸ் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், செய்த வேலை எல்லாம் வீண்.

இன்னொன்று, சப் போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸில் இருந்தால், மிகக் குறைந்த அலைவரிசைகளைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டரைப் போட்டுவிடுங்கள். பாக்ஸ் டியூன் ஆன அலைவரிசைக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இருக்காது, ஆர்எம்எஸ் சரியாக இருந்தாலும் அடித்துக் கிழிந்துவிடும்.

பவர் ஒயரையும் பாருங்கள். கிளாஸ் டி எனும் மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை ஆம்ப் 400 வாட்ஸ் தரும்போது பேட்டரியிலிருந்து 36 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெல்லிய ஒயர் போட்டால் வோல்டேஜ் சரிந்து ஆம்ப் முன்னதாகவே கிளிப் ஆகும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் மட்டும் இருந்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.