எடை மெஷினுக்கு மைதானத்தில் என்ன வேலை?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணி அண்ணன்மாருக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். வெயில் தாழ்ந்ததும் பாயும் விசிறியுமாக வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட ஆச்சிமாருக்குத் தனி வணக்கம். குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன வட்டாரம் இது. இங்கே மேடை ஏறினால் தொடை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அதையும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பிள்ளைகள் சுறுசுறுப்பாக, நோய்நொடி இல்லாமல் வளரப் பெரிதும் துணை நிற்பது பணம் கட்டும் பயிற்சி வகுப்பா, வீட்டுப் பழக்கமா?’ இதுதான் தலைப்பு. நான் வீட்டுப் பழக்கத்தின் பக்கம். “பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நீங்க, பயிற்சி கொடுக்கத்தானே சம்பளம் வாங்குறீங்க, வீட்டுக்கு எப்படி வக்காலத்து வாங்குறீங்க?” என்று எதிரணித் தலைவர் அண்ணன் மடக்கினார். மைதானத்தில் நிற்கிறதால்தான் அண்ணே வாங்குகிறேன்.

அண்ணன் பேச்சின் சாரம் என்ன? பிள்ளைக்குத் தொப்பை விழுந்தால் வகுப்பில் சேர். அங்கே வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி உண்டு. வேர்க்க வேர்க்கச் செய்தால் கொழுப்பு கரைந்து ஓடிவிடும். அப்புறம் பிள்ளை எதைத் தின்றாலும் பயமில்லை. எனக்கு வகுப்பின் மேல் கோபம் கிடையாது. நீச்சலை வீட்டுக் கிணற்றில் தள்ளிக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதற்கு ஆசிரியர் வேண்டும். இந்த நம்பிக்கைகள் மேல்தான் என் வழக்கு.

முதலில் வயிறு. செட்டிநாட்டில் நின்றுகொண்டு பேசுவதால் கணக்காகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் ரங்கூனில் ஒரு கடை, பினாங்கில் ஒரு கடை, கொழும்பில் ஒரு கடை என்று வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். ரங்கூனில் ஒரு செலவு வந்தால் ரங்கூன் பெட்டியில்தான் கைவைக்க வேண்டும் என்று சட்டமா? எந்தக் கடையிலிருந்து பணத்தைப் புரட்டுவது என்று முதலாளி மொத்த ஐந்தொகையையும் பார்த்து முடிவு பண்ணுவார். உடம்புக்கும் அதே நிர்வாகம்தான். வயிற்றுத் தசை வேலை செய்கிறதே என்று மேலே கிடக்கிற தொப்பையிலிருந்து அது கிள்ளி எடுத்துக்கொள்வதில்லை. உடம்பெங்கும் இருக்கிற கொழுப்பு செல்களிலிருந்து கொழுப்பு அமிலம் இரத்தத்தில் இறங்கி, அங்கிருந்து தசைக்குப் போகிறது. எந்த இடத்தில் முதலில் வற்றும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. நாம் எந்தப் பக்கம் குனிந்து நிமிர்ந்தோம் என்று அவை விசாரிப்பதில்லை.

நான் சொன்னால் நம்ப வேண்டாம். 1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. 27 நாளில் ஆளுக்கு 5,004 முறை படுத்து எழும் பயிற்சி. பாவம், என்ன பாடுபட்டார்களோ! முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் என்று மூன்று இடத்திலிருந்து ஊசியால் கொழுப்பு செல்லை எடுத்து அளந்தார்கள். மாற்றம் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. அதற்கு முன்னால், 1971-ல், டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருஷக்கணக்காகப் பந்தடித்த கையிலும் சும்மா இருந்த கையிலும் தோலுக்கடியில் கொழுப்பின் தடிமன் ஒன்றுதான். இந்த டென்னிஸ் கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அடுத்தது வேர்வை. வேர்வையில் கொழுப்பு போகுமென்றால் சித்திரை மாசம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேரும் இந்நேரம் ஈர்க்குச்சியாகியிருக்க வேண்டும். வேர்வை உடம்பைக் குளிர வைக்க வருகிற தண்ணீர். வயிற்றில் பெல்ட் கட்டி, பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடினால் எடை மெஷினில் முள் இறங்கும்தான். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் ஏறிவிடும். கொழுப்பு போகிற வழி வேறு. 2014-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக நம் மூச்சில்தான் வெளியே போகிறது. மீதி 1.6 கிலோதான் தண்ணீர். பிள்ளைக்குப் பெல்ட் கட்டி விடுகிற அம்மாமாரே, அது கரைப்பது உங்கள் பர்ஸை மட்டும்தான்.

‘ஓடிவிட்டால் எதையும் தின்னலாம்’ என்றாரே அண்ணன், அதற்கு வருகிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். அந்த நடையில் கூடப் போய் வந்த என் மாமா ஒருத்தர் எடை பார்த்துவிட்டு, “முருகன் ஒரு கிலோ கூடவே போட்டுக் கொடுத்துட்டான் ஆத்தா” என்றார். கொடுத்தது முருகன் இல்லை, வழி நெடுகக் கிடைத்த அன்னதானமும் பானகமும் சுண்டலும். கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருத்தர் அரை மணி நேரம் சாதாரணமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 100 முதல் 150 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. ஒரு தட்டு வெள்ளைப் பணியாரம் எவ்வளவு எண்ணெய் குடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, சுட்டு எடுத்த ஆச்சிகளுக்குத் தெரியும். காலையில் ஓடியதைச் சாயங்காலம் ஒரு கை அள்ளியதிலேயே ஈடுகட்டிவிடலாம்.

உடனே எதிரணித் தங்கச்சி சிரிக்கிறார். “அப்போ உடற்பயிற்சியால் பிரயோஜனம் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்” என்று குறிப்பெழுதுகிறார். எழுதுங்கள், கூடவே இதையும் எழுதுங்கள். 1953-ல் ஜெரெமி மோரிஸ் என்கிற ஆய்வாளர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். இதயநோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. ‘டிரைவர்கள் ஆரம்பத்திலேயே குண்டாக இருந்திருப்பார்கள்’ என்று ஒரு சந்தேகம் வருமே? சீருடைப் பேண்ட்டின் இடுப்பளவைக்கூட எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்கள் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியான கண்டக்டர், பருத்த கண்டக்டர் என்று பிரித்துப் பார்த்தாலும் அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு போகவில்லை. அந்தக் கண்டக்டர் எந்த ஜிம்மில் பணம் கட்டினார்? அவர் பிழைப்பே அவரை நடக்க வைத்தது. உடம்பை அசைப்பதன் பலன் எடையில் தெரியாமலே இதயத்தில் தெரியும், சர்க்கரையில் தெரியும், இரத்த அழுத்தத்தில் தெரியும், இராத்திரித் தூக்கத்தில் தெரியும்.

பெரியவர்களைப் பேசியது போதும், பிள்ளைக்கு வருவோம். போன வருஷம் ஓர் அம்மா மைதானத்துக்கே வந்தார். “டீச்சர், இவனைத் தினம் பத்து ரவுண்டு ஓட விடுங்க, தொப்பை இறங்கணும்” என்றார், நாற்பது பிள்ளைகள் கேட்கிற மாதிரி. பையன் சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். ஓடச் சொன்னால் அரை ரவுண்டில் ஷூ லேஸ் அவிழும். மறுபடி கட்டுவான், மறுபடி அவிழும். எனக்குத் தெரியாதா, அவனேதான் அவிழ்க்கிறான். ஓட்டம் அவனுக்கு எதற்குக் கொடுக்கப்பட்டது? தப்பு செய்த பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டி போடலும், குண்டாக இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற பத்து ரவுண்டும் அவன் மனசில் ஒன்றுதான். வேறொரு நாள் சடுகுடுவுக்கு ஓராள் குறைந்தது, அவனை இழுத்துவிட்டார்கள். பாடி வந்தவன் காலை ஓரத்தில் பதுங்கி இருந்து ஒரே பிடி! வந்தவன் நகர முடியவில்லை. அப்புறம் மணியடித்தும் வகுப்புக்குப் போக மனமில்லை அவனுக்கு. அன்றைக்கு அவன் லேஸ் அவிழவில்லை. அவன் எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை நடுவர் அவர்களே, பார்க்கவும் மாட்டேன். வளர்கிற பிள்ளைகளில் பலருக்கு எடையைக் குறைக்க வேண்டியதே இல்லை. எடை ஏறாமல் நின்றால் போதும், உயரம் வந்து அதைச் சரிக்கட்டிவிடும். எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்க வேண்டியவர் குழந்தை மருத்துவர். மைதானத்தில் எடை மெஷினுக்கு வேலை கிடையாது.

இன்னொரு பக்கம், ஒல்லிப் பிள்ளையைப் பெற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். “எங்க பிள்ளைக்கு என்ன, ஊதினா பறந்துடுவான்.” 2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும், இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் சேர்ந்து தங்கள் இரண்டு பேர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் இங்கிலாந்துக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் நாட்டு உடம்பில் சகஜம். அதனால் விளையாட்டு குண்டுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற மருந்தாக மட்டும் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 5 வயது முதல் 17 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் சராசரியாக நாளைக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்குகிற அசைவு வேண்டும் என்கிறது. ‘குண்டாக இருந்தால்’ என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

டென்னிஸ் கை என்று சொன்னேனே, இப்போது எடுக்கிறேன். கொழுப்பில் வித்தியாசம் காட்டாத அந்தக் கை எலும்பில் காட்டியது. ஆடுகிற கையில் எலும்பு கனமாக இருந்தது. 1995-ல் பின்லாந்தில் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடுகிற பெண்களை ஆராய்ந்தார்கள். வயசுக்கு வருவதற்கு முன்போ, வருகிற சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்கு எலும்பில் சேர்ந்த பலன், பிந்தித் தொடங்கியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? சரியாக அந்த வயசில்தான் “பொம்பளப் பிள்ளைக்கு இனி என்ன குதியாட்டம்” என்று உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். பாண்டியும் கயிறு தாண்டலும் அந்தப் பிள்ளை எலும்பில் போட்டு வைக்கிற சேமிப்பு. அறுபது வயசில் குளியலறையில் வழுக்கி விழும்போதுதான் அதன் அருமை தெரியும். ஆச்சிமார் ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? இடுப்பெலும்பு முறிந்த கதை இந்தப் பந்தலில் எத்தனை வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டது எந்தப் பயிற்சி வகுப்பு? வீடு. திருப்பி வெளியே அனுப்ப வேண்டியதும் வீடுதான்.

கனம் தூக்கினால் பிள்ளை வளராது என்பதும் கட்டுக்கதை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அளவாக, முறையாகச் செய்ய வைத்தால் வளர்ச்சி நிற்பதில்லை. தண்ணீர்க் குடம் தூக்கிய நம் வீட்டுப் பிள்ளைகள் வளராமலா போனார்கள்?

தட்டுக்கு வருகிறேன். கந்தரப்பத்தையும் மணகோலத்தையும் ஒழியுங்கள் என்று இந்த ஊரில் சொல்லிவிட்டு நான் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியுமா? சொல்லவும் மாட்டேன். நாளுக்கும் கிழமைக்கும், கல்யாணம் காதுகுத்துக்கும் நாலு பேர் கூடி உட்கார்ந்து சுட்ட பலகாரம் அது. இன்றைக்குப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் கடைக்குக் கடை தொங்குகிறது. பிள்ளை டியூஷன் போகிற வழியில் தினம் ஒன்று. பலகாரம் மாறவில்லை, கிழமைதான் மாறிவிட்டது. இதோடு பாலில் கலக்குகிற சத்துமாவு டப்பாக்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே, இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஒரு தடவை படியுங்கள். வகுப்பு மாஸ்டர் உங்கள் அடுப்படிக்குள் வந்து படிக்க மாட்டார்.

“தெருவில் விளையாட இடம் எங்கே, வண்டி பறக்குதே” என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. மதில் கட்டிய அடுக்ககத்தில் இருக்கிறவருக்கு நான் சொல்வது கஷ்டம்தான். ஆனால் நம் ஊரிலேயே ஒன்று பாருங்கள். முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று பின்தெரு வரைக்கும் நீள்கிற வீடுகள். அறுபதாங்கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். வந்ததும் முதல் கேள்வி வைஃபை பாஸ்வேர்டு. ஏதாவது ஒரு மகராசி பாஸ்வேர்டு தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் வளவுத் தூணுக்குப் பின்னால் ஒளிவான், ஒருத்தி ஆத்தங்குடிக் கல்லில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சறுக்குவாள், சாயங்காலம் பந்திக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். யாரும் பீஸ் வாங்கவில்லை, யாரும் விசில் ஊதவில்லை. பிள்ளைக்கு ஓடத் தெரியும். கூட ரெண்டு பிள்ளையும், கையில் செல்போன் இல்லாத ஒரு பொழுதும், “விழுந்துடுவே, உட்காரு” என்று கத்தாத ஒரு பெரியவரும் இருந்தால் ஓடும். அப்பா கடைக்கு நடந்து போனால் பிள்ளையும் கூட நடக்கும். அப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு “போய் விளையாடு” என்றால் அவனும் பக்கத்திலேயே சாய்வான்.

மணி அடித்துவிட்டார் நடுவர். முடிக்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தங்கச்சிக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுப்போகிறேன். வகுப்பு ஒரு மணி நேரம், அதுவும் வாரத்தில் மூன்று நாள். வகுப்பு வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, கார் கதவைச் சாத்தி, அது திரும்பி வருகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்து செல்போன் பார்க்கிற அப்பா அம்மாவுக்கு உங்கள் மாஸ்டர் என்ன பயிற்சி வைத்திருக்கிறார்? வணக்கம்.