லால்பாக்: தாத்தா, பாட்டி, குழந்தைகளோட எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

[காட்சி: காலை வெயில், டபுள் ரோடு பக்கத்து கேட்]

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை எங்க போறதுன்னு தெரியாம பெங்களூருல பாதிக் குடும்பம் மால்லதான் சுத்துது. பெரியவங்களுக்கு அங்க உட்காரக்கூட இடம் கிடைக்காது. லால்பாக் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க.

ஆனா அது 240 ஏக்கர். எல்லாத்தையும் பாத்துடணும்னு கிளம்பினா பாட்டிக்குக் கால் வலி, குழந்தைக்கு அழுகை. மூணே இடம் போதும்.

லால்பாக் மெட்ரோ ஸ்டேஷன் மேற்கு கேட் பக்கம் இருக்கு. அதைத் திரும்பி வர்றதுக்கு வச்சுக்குங்க. போகும்போது ஆட்டோவுல டபுள் ரோடு கேட்டுக்குப் போயிடுங்க. காரணம், உள்ள நுழைஞ்சதும் வர்ற பாறை.

[காட்சி: பாறை மேல ஏறும் குழந்தைகள், உச்சியில கெம்பேகவுடா கோபுரம்]

நிறைய பேர் இது மேல நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கிடுவாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம். ஏன்னா இந்தப் பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமா அறிவிச்சிருக்கு.

300 கோடின்னு சொன்னா குழந்தைக்குப் புரியாது. டைனோசர் அழிஞ்சது எப்பன்னு கேளுங்க. 6 கோடியே 60 லட்சம் வருஷம் முன்னாடி. டைனோசர் வர்றதுக்கு முன்னாடியும் இந்தப் பாறை இருந்தது, போன பிறகும் இருக்கு.

[காட்சி: பாறையின் வரிகள், நெருக்கத்தில்]

குனிஞ்சு பாருங்க. வெளிர் நிறத்துலயும் கறுப்பாவும் வரி வரியா ஓடுது. பூமிக்கு ஆழத்துல கடும் சூட்டுலயும் அழுத்தத்துலயும் கல் உருமாறினப்போ, தாதுக்கள் பிரிஞ்சு பட்டை பட்டையா அமைஞ்சது. இதுக்குப் பேர் நைஸ் பாறை. ஒரு வரியைக் குழந்தையோட விரலுக்குக் காட்டி, அது எங்க போய் முடியுதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் எடுத்தாலும் விட்டுடுங்க, அவசரப்படுத்தாதீங்க. ஆனா காலையிலேயே வந்துடணும்; வெயில் ஏறினா பாறை சுடும். மழை பெய்திருந்தா வழுக்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு. இந்தத் தோட்டத்துல கல்லா மாறின ஒரு மரம் வச்சிருக்காங்க. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில இருந்து வந்தது, சுமார் 2 கோடி வருஷப் பழசு. எங்கன்னு ஊழியர்கள்கிட்ட கேட்டுப் போய்ப் பாருங்க.

[காட்சி: கண்ணாடி மாளிகை]

அடுத்தது கண்ணாடி மாளிகை. 1889ல அடிக்கல் நாட்டினது, லண்டன்ல இருந்த கிரிஸ்டல் பேலஸ்ங்கிற கண்ணாடிக் கட்டடத்தோட பாணி. ஜனவரியிலயும் ஆகஸ்டுலயும் மலர்க் கண்காட்சி இங்கதான். அழகுதான், ஆனா அந்த வார இறுதிக் கூட்டத்துல கைக்குழந்தையோடவும் வயசானவங்களோடவும் போகவே வேண்டாம். கண்காட்சி பாக்கணும்னா வாரநாள் காலையில போங்க.

[காட்சி: இலவ மரத்தின் பலகை வேர்கள், கிளைகளில் கிளிகள்]

கடைசியா அந்தப் பெரிய இலவ மரம். அடியில பலகை வேர் சுவர் மாதிரி எழும்பி நிக்குது. இங்க நீங்க பேசாதீங்க, பெரியவங்களைப் பேச விடுங்க. இலவம்பஞ்சுத் தலையணை, காய் வெடிச்சுப் பஞ்சு பறக்கிறது, இலவு காத்த கிளி கதை எல்லாம் பாட்டிகிட்ட இருக்கு. பிளாட்டில் வளர்ற குழந்தை இதையெல்லாம் வேற எங்க கேட்கும்? லால்பாக்ல கிளிகளுக்கும் பஞ்சமில்ல, கதைக்கு நடுவுல நிஜக் கிளியே கத்தும்.

நடக்கச் சிரமப்படுறவங்க இருந்தா, பேட்டரி வண்டி ஓடுதான்னு டிக்கெட் கவுண்டர்லயே கேட்டுக்குங்க. தண்ணியை எவர்சில்வர் பாட்டில்ல கொண்டு போங்க.

[காட்சி: கப்பன் பூங்கா, சைக்கிள் ஓட்டும் குழந்தைகள்]

சைக்கிள் ஓட்டணும்னு அடம் பிடிக்கிற வயசுன்னா, ஞாயித்துக்கிழமை கப்பன் பூங்காதான் சரி. அன்னைக்கு உள்ள இருக்கிற ரோட்டுல வண்டிகளை விடமாட்டாங்க. அதுக்குன்னே மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கு, பர்ப்பிள் லைன்.