கார்ட்டேரியா கப்பலின் காகிதங்கள்: ஃபிராங்க் ஹேஸ்டிங்ஸ் விட்டுச்சென்ற கிரேக்கப் போர்

[திரையில்: லண்டன், ஆல்பமார்ல் தெரு. 1824 மே 17.]

கவிஞர் பைரன் மேற்குக் கிரேக்கத்தின் மிசோலோங்கி நகரில் காய்ச்சலால் இறந்தது 1824 ஏப்ரல் 19 அன்று. செய்தி லண்டனுக்கு வந்து சேர மே 14 ஆகிவிட்டது. அடுத்த மூன்றாவது நாள், பதிப்பாளர் ஜான் மர்ரேயின் வீட்டில் பைரனின் நண்பர்கள் கூடினார்கள். அவர் தன் கைப்பட எழுதிவைத்திருந்த நினைவுக் குறிப்புகளைக் கிழித்துக் கணப்பில் போட்டு எரித்தார்கள். எடுத்துவைத்திருந்த நகலும் சேர்ந்தே எரிந்தது. நண்பரின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்ற எண்ணத்தில் செய்த காரியம். இருநூறு ஆண்டுகள் கழித்து நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

அதே போருக்குப் போய், அதே மண்ணுக்காக உயிரை விட்ட இன்னொரு ஆங்கிலேயரின் காகிதங்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. இன்று அவை ஏதென்ஸின் கொலொனாக்கி பகுதியில், பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவருடைய பெயர் ஃபிராங்க் ஆப்னி ஹேஸ்டிங்ஸ். பைரனைத் தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்காவது இந்தப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்தான். கிரேக்க விடுதலைப் போர் உண்மையில் எப்படி நடந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் ஹேஸ்டிங்ஸின் காகிதங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

[திரையில்: கிழக்கு மத்தியதரைக் கடலின் வரைபடம். 1821.]

பின்னணி சுருக்கமாக. 1821-இல், தங்களை ஆண்டுவந்த துருக்கியர்களின் ஓட்டோமான் பேரரசுக்கு எதிராகக் கிரேக்கர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் அவர்களுக்குத் துணையாகக் கப்பலேறினார்கள். இவர்களைக் கிரேக்க நேயர்கள் என்போம். பள்ளியில் படித்த ஹோமரை மனத்தில் சுமந்து வந்தவர்கள் இருந்தார்கள். நெப்போலியனின் போர்கள் முடிந்து வேலை இல்லாமல் நின்ற படை அதிகாரிகளும் இருந்தார்கள். பலர் சில மாதங்களில் நோயாலோ ஏமாற்றத்தாலோ ஊர் திரும்பினார்கள்.

ஹேஸ்டிங்ஸ் 1794-இல் பிறந்தவர். பதினொரு வயதில் டிரஃபால்கர் கடற்போரில் 'நெப்டியூன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்தார். 1819-இல் ஜமைக்காவின் போர்ட் ராயல் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவந்தபோது, மூத்த அதிகாரி ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி அவரைத் திட்டினார். ஹேஸ்டிங்ஸ் அவரை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். மேலதிகாரியைச் சண்டைக்கு அழைப்பது பெருங்குற்றம். கடற்படை அவரைப் பெயர்ப்பட்டியலிலிருந்தே நீக்கியது. இருபத்தைந்து வயதில், தெரிந்த ஒரே தொழிலின் கதவு சாத்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1822 ஏப்ரலில், அவர் கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் வந்து இறங்கினார்.

[திரையில்: மடித்து அரக்கு முத்திரை இட்ட கடிதம்.]

வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சந்தேகம். அப்போது கிரேக்க அரசின் தலைவராக இருந்த மவ்ரோகொர்டாட்டோஸ், இவர் பிரிட்டிஷ் அரசின் உளவாளியாக இருக்கலாம் என்று கருதினார். இது காதுக்கு வந்ததும் ஹேஸ்டிங்ஸ் நேராக அவருக்கே எழுதிய கடிதம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அதன் சாரம் இது. ஆங்கில அரசுக்கு இங்கே உளவாளி தேவைப்பட்டால் என் போன்ற நிலையில் உள்ள ஒருவனைத் தேடி வராது; ஒரு பாட்டில் பிராந்திக்குக் கிரேக்கம் முழுவதையும் விற்கத் தயாரான அந்நியர்கள் இந்த நாட்டில் ஏராளமாக இருக்கும்போது, அதற்கு நான் எதற்கு?

இந்தக் கடிதம் இரண்டு விஷயங்களைக் காட்டுகிறது. ஹேஸ்டிங்ஸின் சுபாவம் ஒன்று: யாரிடமும் வளைந்து பேசத் தெரியாத, சுருக்கென்று கோபப்படும் மனிதர். மற்றது, உதவிக்கு வந்த வெளிநாட்டவர்களைப் பற்றி அவர்களில் ஒருவரே கொண்டிருந்த கணிப்பு. விழா மேடைகளில் கிரேக்க நேயர்கள் எல்லோரும் ஒரே வெள்ளை உடையில் நிற்கிறார்கள். அந்தரங்கக் கடிதங்களில் அப்படி இல்லை. அங்கே கூலிக்கு வந்தவர், குடிகாரர், பட்டம் தேடி வந்தவர், உண்மையிலேயே உயிரைக் கொடுக்க வந்தவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அரசு நம்பாவிட்டாலும் ஹைட்ராவின் மாலுமிகள் அவரை நம்பினார்கள். டோம்பாஸிஸ் என்ற கடற்படைத் தலைவரின் கப்பலில் தொண்டராகச் சேர்ந்தார். பிறகு நாஃப்ப்ளியோ முற்றுகையில் தன் சொந்தச் செலவில் ஆட்களை வைத்துப் போரிட்டார். 1823-இல் கிரீட் தீவில் பீரங்கிகளுக்குப் பொறுப்பேற்றார்.

[திரையில்: பீரங்கியின் குறுக்குவெட்டு வரைபடம்.]

அவருடைய எழுத்துகளில் மிக முக்கியமானது 1823-இல் பைரனுக்கு எழுதிய நீண்ட அறிக்கை. கடலை வெல்லாமல் இந்தப் போரை வெல்ல முடியாது என்பது அதன் அடிப்படை வாதம். கிரேக்கர்களிடம் இருந்தவை ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்கள். ஓட்டோமான்களிடம் இருந்தவை பெரிய போர்க்கப்பல்கள். எண்ணிக்கையில் போட்டி போட வழியே இல்லை. ஆகவே புதிய ஆயுதம் வேண்டும் என்றார்: காற்றை நம்பாமல் நீராவியில் ஓடும் சிறிய கப்பல், அதில் மிகப் பெரிய பீரங்கிகள், அவற்றிலிருந்து வெடிகுண்டுகளும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டுகளும்.

அன்று பெரும்பாலான கடற்படை அதிகாரிகளுக்கு இது விபரீத யோசனையாகவே பட்டிருக்கும். மரக்கப்பல், அதற்குள் வெடிமருந்து, அதன் நடுவே செக்கச்செவேல் என்று எரியும் இரும்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது! ஆனால் ஹேஸ்டிங்ஸ் செய்முறையையே கணக்குப் போட்டு வைத்திருந்தார். என்ஜினுக்குத் தீ எரியும் உலையிலேயே குண்டையும் காய்ச்சிக்கொள்ளலாம். பீரங்கிக் குழாயில் முதலில் மருந்து. அதன் மேல் அடைப்பு. அதற்கும் மேலே நன்றாக நனைத்த அடைப்பு. கடைசியாகத்தான் காய்ந்த குண்டு. ஈரம் வற்றுவதற்குள் சுட்டுவிட வேண்டும். அவர் திட்டமிட்ட பீரங்கியின் குண்டு ஒன்று 68 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 31 கிலோ. கடைத்தெருவில் கிடைக்கும் ஒரு பெரிய அரிசி மூட்டையின் எடையை, தணலாக, இடுக்கியில் பிடித்துத் தூக்குவதை எண்ணிப் பாருங்கள்.

இந்த அறிக்கையை வாசிக்கும்போது எனக்கு உண்டாகும் மரியாதை எந்த வீரக் கவிதையிலும் உண்டானதில்லை. ஒரு நாட்டின் விடுதலையை நெஞ்சார விரும்பிய ஒருவர், ஈர அடைப்பின் அளவு வரை யோசித்திருக்கிறார்.

[திரையில்: தேம்ஸ் நதிக்கரை, டெப்ட்ஃபோர்ட் கப்பல் கட்டும் தளம்.]

பணம் எங்கிருந்து வந்தது? லண்டன் சந்தையில் கிரேக்க அரசு இரண்டு கடன்கள் வாங்கியது. 1824-இல் 8 லட்சம் பவுண்ட், 1825-இல் 20 லட்சம் பவுண்ட். இவை கடன் பத்திரத்தின் முகமதிப்பு. கைக்கு வந்தது அதைவிட வெகு குறைவு. அதிலும் பெரும்பகுதி லண்டனிலேயே கரைந்தது. கடற்படைக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்ட காக்ரேன் பிரபுவுக்கு 57,000 பவுண்ட் பேசப்பட்டது. அதில் 37,000 முன்பணம். நியூயார்க்கில் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கட்டச் சொன்னார்கள். செலவு எல்லை மீறியதால், ஒன்றை அமெரிக்க அரசுக்கு விற்றுத்தான் மற்றதை மீட்க முடிந்தது.

ஹேஸ்டிங்ஸ் கேட்ட நீராவிக் கப்பலுக்கு 1825-இல் ஒப்புதல் கிடைத்தது. அவரும் தன் சொத்தில் பெரும் தொகையை இதில் இறக்கினார். டெப்ட்ஃபோர்டில் கப்பல் உடல் எழுந்தது. என்ஜின் செய்யும் பொறுப்பு அலெக்சாண்டர் காலோவே என்ற பொறியாளருக்குப் போனது. அங்கேதான் எல்லாம் முடங்கியது. தேதி தள்ளிப்போனது, மீண்டும் தள்ளிப்போனது. கிரேக்கத்தை நசுக்கப் படை அனுப்பியிருந்தவர் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி. காலோவேயின் மகன் அதே முகமது அலியிடம் வேலை நாடி எகிப்தில் இருந்தார்! தாமதத்துக்கு இதுதான் காரணமா, திறமைக் குறைவா என்று அன்றே வாதம் நடந்தது. அந்த ஒப்பந்தத்தை அவரிடம் விட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாமதத்தின் விலையைத் தேதிகளே சொல்லும். மிசோலோங்கி நகரம் ஓராண்டு முற்றுகையைத் தாங்கியது. அதற்கு உணவு வரக்கூடிய வழி கடல் வழி. 1826 ஏப்ரலில், பட்டினியால் நகரம் வீழ்ந்தது. வெளியேற முயன்ற மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். ஹேஸ்டிங்ஸின் கப்பல் நாஃப்ப்ளியோ துறைமுகத்தை அடைந்தது 1826 செப்டம்பரில். வழியில் கொதிகலன் பழுதாகிச் சர்தீனியாவில் காத்துக் கிடந்த நாட்களும் இதில் அடக்கம். கப்பலுக்குக் கிரேக்க மொழியில் 'கார்ட்டேரியா' என்று பெயர். விடாமுயற்சி என்று பொருள்.

[திரையில்: கொரிந்து வளைகுடா, இட்டியா. 1827 செப்டம்பர் இறுதி.]

திட்டம் சரிதான் என்பது இட்டியாவில் தெரிந்தது. கரையில் பீரங்கிகள், அதன் நிழலில் ஓட்டோமான் கப்பல்கள். கார்ட்டேரியா சில சிறு கப்பல்களோடு உள்ளே நுழைந்தது. நங்கூரம் போடும் வரை எதிரிகள் சுடவில்லை. சுட்டால் ஓடிவிடுவார்கள், உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். கார்ட்டேரியா சுடத் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் எதிரித் தளபதியின் கப்பல் வெடித்துச் சிதறியது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. செய்தி கேட்டுக் கொதித்த எகிப்துப் படைத் தளபதி, முகமது அலியின் மகன் இப்ராஹிம் பாஷா பழிதீர்க்கக் கப்பல்களை அனுப்பினார். அவரைத் தடுத்து நிறுத்த வந்திருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கடற்படைகளுடன் ஏற்பட்ட இழுபறி, அக்டோபர் 20-இல் நவாரினோ போரில் போய் முடிந்தது. கிரேக்க விடுதலையை உறுதிசெய்தது அந்தப் போர்.

நவாரினோ எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. இட்டியா பலவற்றில் ஒரு வரிகூட இல்லை.

வெற்றிக்குப் பிறகும் ஹேஸ்டிங்ஸின் கவலை பழைய கவலைதான்: சம்பளம், நிலக்கரி, உணவு. ஆங்கிலேயர், ஸ்வீடன்காரர், கிரேக்கர் எல்லோரும் கலந்த மாலுமிக் கூட்டத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால்தான் கப்பல் நகரும். அரசிடமிருந்து பணம் வராததால் 1828 தொடக்கத்தில் பதவி விலகினார். கிரேக்க அரசின் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற கபோடிஸ்ட்ரியாஸ் வற்புறுத்தியதால் திரும்பி வந்தார். மே 25 அன்று, மிசோலோங்கிக்கு அருகே ஐத்தோலிகோ மீது நடந்த தாக்குதலில் கையில் குண்டு பட்டது. கையை அகற்ற ஸாக்கிந்தோஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் காயம் ரண ஜன்னியாக (டெட்டனஸ்) மாறியிருந்தது. ஜூன் 1 அன்று இறந்தார். வயது 34. போரோஸ் தீவில் அடக்கம் நடந்தது. இதயத்தை மட்டும் தனியே எடுத்துப் பதப்படுத்தினார்கள். அது ஏதென்ஸின் ஆங்கிலிக்கத் தேவாலயத்துக்குப் போனது.

[திரையில்: ஏதென்ஸ், பிளாக்கா பகுதியின் பழைய கல்வீடு.]

காகிதங்கள் எப்படித் தப்பின? ஜார்ஜ் ஃபின்லே என்ற நண்பரால். 1799-இல் பிறந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், 1823-இல் கிரேக்கம் வந்து பைரனோடு பழகினார். பிறகு கார்ட்டேரியாவில் ஹேஸ்டிங்ஸோடு பணியாற்றினார். போர் முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்ப, இவர் ஏதென்ஸிலேயே தங்கிவிட்டார். அட்டிகாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்து பணத்தை இழந்தார். அரண்மனைத் தோட்டத்துக்காக அவருடைய நிலத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. அந்த வழக்கு 1850-இல் பிரிட்டிஷ் கடற்படை பிரேயஸ் துறைமுகத்தை மறித்த தகராறு வரை இழுத்துக்கொண்டு போனது. நொந்துபோய் ஊர் திரும்ப எல்லாக் காரணமும் இருந்தும் 1875-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்து, கிரேக்க வரலாற்றை எழுதினார்.

ஃபின்லே எதையும் தூக்கி எறியாதவர். ஹேஸ்டிங்ஸின் நாட்குறிப்புகள், கடிதங்கள், கப்பல் பதிவுகள் அவர் கைக்கு வந்தன. தன் நாட்குறிப்புகளோடும் கடிதங்களோடும் அவற்றையும் பாதுகாத்தார். தன் நூலகத்துப் புத்தகங்களின் ஓரங்களிலும் குறிப்புகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1845-இல் ஸ்காட்லாந்தின் 'பிளாக்வுட்ஸ்' இதழில் நண்பரின் வாழ்க்கைச் சித்திரத்தை வெளியிட்டார். அவர் இறந்த பிறகு இந்தக் கருவூலம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் தொல்லியல் பள்ளிக்கு வந்தது. 1973-இல் பட்டியல் அச்சாயிற்று. 1995-இல் ஃபின்லேயின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இரண்டு தொகுதிகளாக வந்தன.

கார்ட்டேரியா கப்பலில் மருத்துவராக இருந்த அமெரிக்கர் சாமுவேல் கிரிட்லி ஹோவும் நாட்குறிப்பு எழுதினார். பாஸ்டனில் பார்வையற்றோர் பள்ளியை நடத்திப் பிற்காலத்தில் புகழ்பெற்றவர் இவர். இவருடைய எழுத்துகளை மகள் தொகுத்து 1906-இல் வெளியிட்டார். ஒரே கப்பல், மூன்று பேரின் எழுத்து. இப்படி ஒரு வாய்ப்பு வரலாற்று மாணவர்களுக்கு அரிதாகவே அமையும்.

[திரையில்: மேசையில் மூன்று வகை ஆவணங்கள்.]

இவற்றை வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு தாளையும் எடுக்கும்போது, இது யாருக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். பைரனுக்கான அறிக்கை, பணமும் ஆதரவும் திரட்ட எழுதியது. அதில் நம்பிக்கை தூக்கலாக இருக்கும். கப்பல் பதிவு கடமைக்காக எழுதியது; உணர்ச்சி குறைவு, தேதியும் காற்றின் திசையும் நம்பகமானவை. மவ்ரோகொர்டாட்டோஸுக்கு எழுதிய கடிதம் கோபத்தில் பிறந்தது. ஃபின்லேயின் வரலாறோ பல ஆண்டு ஏமாற்றத்துக்குப் பிறகு எழுதியது. அதில் கிரேக்கத் தலைவர்கள் மீது கசப்பு நிறைய. ஹேஸ்டிங்ஸ் மீது மட்டும் குறையே இல்லாத பாசம். நண்பர் என்பதால் ஃபின்லே மிகைப்படுத்தினாரா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கான ஹேஸ்டிங்ஸின் சொந்தக் கடிதங்களையும் ஃபின்லேயேதான் நமக்கு விட்டுச்சென்றிருக்கிறார்.