மூட்டைக்கு முன்னால் பட்டியல்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலகச் செயலாளர் அவர்களே, வடகரப்பதியிலிருந்தும் எருத்தேன்பதியிலிருந்தும் இந்த வெயிலில் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் உரைக்குப் 'பசித்தோர்க்கு அன்னமிடுவோம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மேடைக்கு ஏற்ற தலைப்புத்தான். ஆனால் சிவில் சப்ளைஸ் துறையில் பணிக்காலம் முழுவதையும் கழித்த ஒருவனைக் கூப்பிட்டுப் பசியைப் பற்றிப் பேசச் சொன்னால், அவன் அன்னத்தை விட்டுவிட்டுப் பட்டியலைப் பிடித்துக்கொள்வான். யாருக்குக் கொடுக்க வேண்டும், எத்தனை பேருக்கு, அந்த எண்ணிக்கையை எழுதியது யார்? வறட்சியிலும் போரிலும் மக்கள் பட்டினி கிடந்து சாவது பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு யாரோ தவறான பதிலை, பல நேரங்களில் தெரிந்தே, எழுதிவைத்ததால்தான் என்பது என் கட்சி. தானியம் உலகத்தில் எங்காவது ஒரு கிடங்கில் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்படாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இருக்காது. 1876 முதல் 1878 வரை. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் செலவைக் குறைப்பதற்கென்றே வைசிராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், மேலே கொஞ்சம் காசு. அது போதும் என்றார் டெம்பிள். போதாது, இது உடம்பைக் கரைக்கும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே சண்டை போட்டார். இந்த ஒரு பவுண்டு விவகாரத்தைப் பலர் அறிவார்கள். அதைவிடக் கொடுமையானது, யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்று கண்டுபிடிக்க வைத்த சோதனை. நிவாரண வேலையை வீட்டிலிருந்து வெகுதொலைவில் வைப்பார்கள். உண்மையிலேயே பசித்தவன் அவ்வளவு தூரம் நடந்து வருவானாம், வராதவனுக்குப் பசியில்லையாம்! நடக்கத் தெம்பில்லாதவன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 1880-இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை வந்த பிறகுதான், அதிகாரி கிராமத்துக்குப் போய் நேரில் பார்த்துப் பெயர் எழுத வேண்டும் என்ற விதி பஞ்சச் சட்டத் தொகுப்புகளில் ஏறியது. ஆள் பட்டியலைத் தேடி நடக்கக் கூடாது, பட்டியல் எழுதுகிறவன்தான் ஆளைத் தேடி நடக்க வேண்டும் என்பதை ஏற்க அரசாங்கத்துக்கு அத்தனை பிணங்கள் தேவைப்பட்டன.

இன்றைக்கு உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்கு வைக்கின்றன. வழக்கமான பங்கீடு 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், உப்பு, கூடவே கொஞ்சம் சத்துமாவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 60 கிலோ தானியம். கேட்க எளிது. வழங்கும் இடத்தில் நின்று பார்த்தால்தான் மீதி தெரியும். வரிசையில் வந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். 50 கிலோ சாக்கை ஒருத்தி தலையில் ஏற்ற முடியாது. எனவே மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்த்து உட்காரவைத்து, தார்ப்பாயின் மேல் சாக்கைப் பிரித்துக் கொட்டி, படியால் அளந்து பிரித்துக்கொள்ளச் சொல்வார்கள். அளக்கிற கையைச் சுற்றி இருபது கண்கள். படியின் தலையைக் கையால் வழிக்கிறானா, குவிய விடுகிறானா? ரேஷன் கடைத் தராசு முள்ளைப் பார்த்தே பழகிய நம் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போக ஒரு கிழவி ஓரமாகக் காத்திருப்பாள். அநேகமாக அவள் பெயர் பட்டியலில் இருக்காது.

வானத்திலிருந்து உணவு போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கை தட்டுகிறோம். 1987 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் ஏற்றிப் புறப்பட்ட இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, ஐந்து விமானங்கள் சுமார் 25 டன் பொருளை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டன. ஆளுக்கு அரைக் கிலோ என்று வகுத்தால் 50,000 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. அங்கே இருந்தவர்களோ பல லட்சம் பேர். அது கொழும்புக்கு டில்லி அனுப்பிய செய்தி. அரசியலாக அதற்கு வேலை இருந்தது. பசிக்கு வேலை செய்ய லாரி வேண்டும், சாலை வேண்டும், அந்தச் சாலையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒவ்வொருவனின் சம்மதமும் வேண்டும்.

அடுத்ததைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில், அந்தச் சிறு நிலத்துண்டில் எத்தனை பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்பதே ஒரு போராக இருந்தது. அரசாங்கம் சுமார் 70,000 என்றது. களத்தில் இருந்த மாவட்ட நிர்வாக அலுவலர்கள் அதைப்போலப் பல மடங்கு சொன்னார்கள். சாலைவழி மூடிய பிறகு செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்தான் கொஞ்சம் உணவைக் கொண்டுபோய், காயம்பட்டவர்களை ஏற்றிவந்தது. வெளியேற நினைத்த மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. மே மாதம் எல்லாம் முடிந்து முகாம்களில் எண்ணியபோது 2,80,000-ஐத் தாண்டியது. 70,000 பேருக்கு என்று அனுப்பும் உணவு இத்தனை பேருக்கு நடுவே போய் விழுந்தால் ஆளுக்குக் கால் வயிறுகூட இல்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது உணவையும் மருந்தையும் குறைத்து அனுப்பத்தான் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் எழுதியது. பட்டினி போடுவதற்கு வயலைக் கொளுத்த வேண்டும் என்பதில்லை. ஒரு சைபரை அடித்தால் போதும்.

குறைப்பது ஒரு வகை என்றால் கூட்டுவது இன்னொரு வகை. இல்லாத பெயர்கள், இறந்த பெயர்கள், தளபதியின் மைத்துனன் பெயர். ஏமனில் 2019-இல் உலக உணவுத் திட்டம் கைரேகை பதிந்து பட்டியல் எடுக்க வேண்டும் என்றது. தலைநகர் சனாவைக் கையில் வைத்திருந்த ஹூதி கிளர்ச்சிப் படையினர் கூடாது என்றார்கள். ஜூன் மாதம் விநியோகம் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. தலைநகரில் எட்டரை லட்சம் பேருக்குப் பங்கு வரவில்லை. எத்தியோப்பியாவில் 2023-இல் உதவித் தானியம் பெருமளவில் சந்தைக்கும் ஆலைக்கும் போவது தெரிந்து, அமெரிக்காவும் உலக உணவுத் திட்டமும் முதலில் திக்ரேயிலும் பிறகு நாடு முழுவதிலும் வழங்கலை நிறுத்தின. பழையபடி தொடங்க மாதக்கணக்கில் ஆயிற்று. திருடியவன் வீட்டில் அந்த மாதங்களில் அடுப்பு எரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திருட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. திருட்டுக்குத் தண்டனையாகப் பசித்தவனின் தட்டைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

அப்படியானால் யாரை நம்பிப் பட்டியல் எழுதுவது? நான் பார்த்த கருவிகளில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதியில் அதைச் சுற்றுவார்கள். நுனியை ஓட்டையில் நுழைத்து மெல்ல இழுப்பார்கள். சதையை அழுத்தக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. அம்புக்குறிக்கு நேராக எந்த நிறம் வருகிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டரை சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள். பதினொன்றரைக்கும் கீழே போனால் சிவப்பு. அந்தக் குழந்தைக்கு அன்றைக்கே சிகிச்சை உணவு தொடங்க வேண்டும். நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் கலந்த 92 கிராம் பாக்கெட். ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், வாயால் கிழித்துச் சப்பலாம். முன்பு இந்த நாடாவைச் சுகாதார ஊழியர்கள் மட்டும்தான் தொடுவார்கள். இப்போது பல நாடுகளில் தாய்மார்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறம் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். அவள் எழுதுகிற பட்டியலில் போலிப் பெயருக்கு இடமில்லை.

சூடானுக்கு வருகிறேன். அங்கே 2023 ஏப்ரலில் ராணுவமும் துணை ராணுவப் படையும் மோதிக்கொண்டன. 2024 ஆகஸ்ட் முதல் தேதி, டார்ஃபூரில் அல் ஃபாஷிர் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த, இடம்பெயர்ந்தோர் தங்கிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. பஞ்சம் என்று வாயால் சொல்லிவிட முடியாது. ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும், நூற்றுக்கு முப்பது குழந்தைகள் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரம் பேரில் தினம் இருவர் சாக வேண்டும். இத்தனையும் நடந்த பிறகுதான் அந்தச் சொல்லை எழுத அனுமதி. சோமாலியாவில் 2011 ஜூலையில் அறிவித்தபோது, அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஸம்ஸமுக்கு உணவு வர வேண்டிய வழிகளில் ஒன்று சாட் நாட்டு எல்லையிலுள்ள அத்ரே. அந்த எல்லைக் கதவை 2024 பிப்ரவரியில் மூடி, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் ஒரு ராத்திரி லாரி நின்றாலே தக்காளிக்காரர் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஆறு மாதம். உள்ளே இருந்தவர்கள் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள். ஆம், நாம் மாட்டுத்தொட்டியில் கரைத்து ஊற்றுகிற அதே புண்ணாக்கு. வெளியிலிருந்து மூட்டை வராத அந்த இடங்களில், தெருவுக்குத் தெரு இளைஞர்கள் சேர்ந்து பொது அடுப்பு மூட்டினார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டுக்குப் புதிதாக அகதிகள் வந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் கைப்பேசி வழியே அனுப்பிய பணத்தில் பருப்பு வெந்தது. இரண்டு தரப்பும் அந்தப் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போயின. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவி நிதியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. பெரிய அமைப்புகள் கப்பல், கிடங்கு, விமானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும். தெருவை அவர்களால் எண்ண முடியாது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். கேரளம் என்றால் மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நம் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பக்கமோ, மேகம் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர். ஆளியாற்றிலிருந்து எல்லையோர மணக்கடவில் நமக்குச் சேர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் பற்றி ஆண்டுதோறும் தமிழக, கேரள அரசுகள் இரண்டும் கடிதம் எழுதிக்கொள்கின்றன. 2016 அக்டோபரில் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது; நம் கிணறுகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. நம் மாவட்டத்திலேயே அட்டப்பாடியில் 2013-இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, ரேஷனில் அரிசி இருந்தது. ராகியும் சாமையும் விளைந்த காடு கைவிட்டுப் போயிருந்தது. பிறகு குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் ஊர் ஊராகச் சமூகச் சமையலறை நடத்தினார்கள்.

இந்த எல்லையில் யார் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயர் இன்னும் அப்பா வீட்டு அட்டையில் இருக்கிறது. தென்னந்தோப்பில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு அட்டை எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு அப்பால், தமிழ்நாட்டில். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் எந்த ஊரிலும் விரல் வைத்து வாங்கலாம் என்கிறார்கள்; உண்மைதான், ஆனால் அது மத்தியச் சட்டத்தின் கீழுள்ள அட்டைகளுக்கு மட்டும். இங்கே மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைக்காரர்களுக்கு அது உதவும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் உதவாது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், வாளையாறு எல்லைச் சாவடியில் பாஸ் இல்லாமல் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாநிலமும் அவர்களை அடுத்தவர் கணக்கில் எழுதிவிட்டன.

ஆகவே நூலகத்தாரிடம் ஒரு கோரிக்கை. வார்டு வாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள். குடும்பத் தலைவி பெயர், வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, படுக்கையில் யாராவது உண்டா, அட்டை எந்த மாநிலத்தது, தண்ணீர் எங்கிருந்து. இவ்வளவு போதும். ஆதார் எண் எழுத வேண்டாம், சாதி வேண்டாம், கட்சி வேண்டவே வேண்டாம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பலின் கையில் இருந்ததும் ஒரு பட்டியல்தான், வாக்காளர் பட்டியல். எழுதுவதோடு காப்பதும் உங்கள் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். சந்தேகமிருக்கும் பெயரை அடிக்கும் முன் அந்த வீட்டுக்கு ஒருவர் நடந்து போய்வர வேண்டும்.

எருத்தேன்பதித் தோப்புகளிலிருந்து தொடங்கலாம் என்று செயலாளர் சொல்கிறார். பகலில் போனால் ஆள் இருக்காது. தேங்காய் உரிக்கப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள், கூட ஒரு குடும்பஸ்ரீ உறுப்பினரை அழைத்துப் போங்கள். நோட்டும் பேனாவும் வாங்குகிற செலவு என்னுடையது.