கல்லில் எதை எழுதுவது?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது, இப்போது தேனி. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒரு கல் சொல்வது இவ்வளவுதான்: கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்துபோன பேடு ஊர்த் தீயன் அந்தவனின் கல். பேர், ஊர், எந்தச் சண்டை. வீரன் என்ற சொல்கூடக் கிடையாது. இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அந்தவன் யார் என்று நமக்குத் தெரிகிறது.

முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் பல ஊர்களில் பதித்த கற்கள் வேறு மாதிரி. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பேர் இருக்காது.

இன்று பட்டாளத்தில் இறந்துபோகும் பையனுக்கு ஊர் எழுப்புகிற கல்லில் பேர் இருக்கிறது. அதைச் சுற்றி 'தியாகச் செம்மல்', 'மாவீரன்' என்று நாலு பட்டம். ஆள் எங்கே? இருபத்து மூன்று வயதில் போனவனுக்குப் படையில் நாலு வருஷம் என்றால், சிலம்பக் கம்பு சுற்றியது பத்து வருஷமாக இருக்கும். அந்தப் பத்து வருஷத்துக்கு ஒரு வரி கிடையாது. பட்டங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தை அவனுடைய வித்தைக்குக் கொடுங்கள் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

கல்லைப் பற்றிப் பேசும் முன் செல்போன். அவன் பாடியது, வாசித்தது, ஆடியது எல்லாம் இப்போது அதற்குள்தான். பூட்டு எண்ணை ஆளாளுக்கு ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். தப்பாகப் போடப் போடப் பூட்டு இறுகும், சில போன்களில் உள்ளே இருப்பது அழிந்தே போகும். சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனிக்காரர்கள் எண்ணை முடக்கிவிடலாம். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாளில் நீங்கிவிடும். அவன் அனுப்பிய குரல் பதிவுகள் கூட்டாளிகள் போனிலும் இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும்போதே கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

படம் வரைகிறவன் என்றால், அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் பொதிந்து, ஈரம் படாத பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பின்பக்கம் குறிப்பு எழுதப் பென்சில் போதும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

கல்லுக்கு வருவோம். படை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த இடம், நாள், இவற்றை ஞாபகத்திலிருந்து எழுதாமல், படையிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து எழுதுங்கள். பனிச்சரிவில் போனான் என்றால் பனிச்சரிவு, வண்டி கவிழ்ந்தது என்றால் அதுதான். 'எதிரியுடன் போரிட்டு' என்று கூட்டி எழுதினால், கூட இருந்த சிப்பாய்கள் வந்து படிக்கும்போது அவன் அம்மாதான் தலைகுனிய வேண்டியிருக்கும்.

எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம் வேண்டும். ஸ்டென்சில் ஒட்டி மணல் பீய்ச்சி வெட்டும்போது ண, ன, ஞ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு முதலில் பிய்த்துக்கொண்டு போகும். எழுத்து குட்டை என்றால் சுழியே குழியாகிவிடும். புள்ளியும் அப்படித்தான், ஒன்று விட்டுப்போகும், இல்லை பெயின்ட் அடைத்துக்கொள்ளும். தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளியே கிடையாதுதான், ஆனால் படிக்க ஆய்வாளர்கள் இருந்தார்கள். கணினியில் எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஆகவே கல்லில் வரப்போகும் அதே அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை ஆறடி தள்ளி நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அது தடுக்குகிற இடத்தில் பிழை இருக்கும். வெட்டின பிறகு கண்டுபிடித்தால் ஒரே வழி, கல்லையே மாற்றுவது.

நடும்போது மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் கவலை இல்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல்தான் தொல்லை. மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், இரண்டு மழைக்காலத்தில் கல் சாய்ந்துவிடும். கரிசலைத் தாண்டிச் சரளை தட்டுகிறவரை தோண்டி, குழியைச் சரளையாலேயே கெட்டித்து நிரப்புங்கள். சாலையோரப் புறம்போக்கு வேண்டாம், ரோட்டை அகலப்படுத்தினால் முதலில் எடுப்பது இதைத்தான். சொந்தப் பட்டா நிலம் நல்லது. கிழக்குப் பார்த்து வைத்தால் உச்சிவேளைக்குச் சற்று முன் வெயில் மேலிருந்து சாய்வாக விழுந்து, பெயின்ட் போன பிறகும் குழிந்த எழுத்து நிழலிலேயே தெரியும்.

வித்தையைச் சொல்லால்தான் எழுத வேண்டும் என்றில்லை. சிலம்பத்தில் ஆடுகிறவன் உயரத்துக்குத் தக்கபடிதான் கம்பு வெட்டுவார்கள். அவன் கம்பு ஐந்தேகால் அடி என்றால், கல்லின் ஒரு ஓரத்தில் அதே ஐந்தேகால் அடிக்கு நேர்கோடு ஒன்று செதுக்கச் சொல்லுங்கள், கோட்டின் அடி தரைமட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மண்ணுக்கு மேலே ஆறடி, உள்ளே மூன்றடி, ஆக ஒன்பதடிக் கல் வேண்டும். இரண்டடி அகலம், அரையடி கனம் என்றால் கிட்டத்தட்ட 700 கிலோ. ஆள் வைத்துத் தூக்க நினைக்காதீர்கள், முக்காலி கட்டி செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பி போட்டு இறக்குங்கள். கோடு மண்ணுக்குள் போய்விடாமல் இறக்கும்போதே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நாளைக்கு அந்த ஊரில் கம்பு பிடிக்கிற பையன்கள் தங்கள் கம்பை அந்தக் கோட்டோடு நிறுத்தி அளந்து பார்ப்பார்கள்.

வணக்கம்.